நூறு கல் உனக்கு, நூறு கல் அவளுக்கு

கண்ணு,

குளித்து விளக்கேற்றி, "கொஞ்சம் பொறுமையைக் கொடப்பா" என்று முருகனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் கொடுத்தது எத்தனை பக்கத்துக்கு வரும் என்று தெரியவில்லை. போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அந்தக் கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை சூடாகிறது. அதனால்தான் கடிதம். அதையும் நாலு பேர் படிக்கிற இடத்தில் போடச் சொல்லிவிட்டேன். உன் பேரும் எழுதவில்லை, நம் ஊர்ப் பேரும் எழுதவில்லை, பயப்படாதே. ஆனால் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு விளைகிற காட்டைப் பிரித்து வேலிக்கல் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்த முட்டாள்தனத்தை அவர்களும் செய்துவிடக் கூடாது பார்.

விஷயம் இதுதான். தை பிறந்து முதல் முகூர்த்தத்தில் உனக்கும் உன் தங்கைக்கும் காட்டைப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். எனக்கு ஐம்பத்தாறு முடிந்துவிட்டது, முழங்கால் இரண்டும் படியேறும்போது சத்தம் போடுகிறது, கை தெளிவாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அந்த நாளுக்கு முன்னால் நீ உன் தங்கையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று உனக்கே தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே, இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் கல் நட்டோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். நம் காடு எப்படிப்பட்டது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது. பள்ளத்தை ஒட்டி நீளமாக ஒரு துண்டு, அதற்குப் பின்னால் கிணற்றடியில் சதுரமாக ஒரு துண்டு, நடுவில் ஒரு வரப்பு. அவ்வளவுதான். யாருக்கு எது, எப்படிப் பிரிப்பது என்று எனக்கு ஒரே வெசனமாக இருந்தது. என் கூடப் பிறந்தவர்கள் வீட்டில் ஒரு வரப்புக்காகப் பேச்சுவார்த்தை நின்று, ஒரு கல்யாணத்துக்கு இன்னொருத்தர் போகாமல் ஆகிவிட்டதை நான் பார்த்தவள். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, "எம்பட பிள்ளைகள் ரெண்டும் அடிச்சுக்காம இருக்கற மாதிரி ஒரு வழியக் காட்டு சாமி" என்று வாய்விட்டே கேட்டேன். அடுத்த வாரம் வேலி போடுகிறவர் வந்தார். பத்தடிக்கு ஒரு கல் என்று கணக்குப் போட்டு, நீளத் துண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், சதுரத் துண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வந்து சொன்னார்:

"ஏனுங்க, அதுக்கும் நூறு கல்லு, இதுக்கும் நூறு கல்லுங்க. ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி பதில் சொல்லிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்கப்பா மட்டும் நின்று பார்த்துவிட்டு, "சதுரம் கொஞ்சம் பெருசாத் தெரியுதே, சர்வேயர ஒருக்கா கூப்புட்டுப் பாத்துக்கலாமா?" என்றார். நான் விடவில்லை. "கண்ணுக்கு அப்புடித்தானுங்க தெரியும். நூறும் நூறும் ஒண்ணுதானுங்களே. கல்லு பொய் சொல்லுமுங்களா?" என்றேன். அதற்கு மேல் அவர் எப்போது பேசியிருக்கிறார்?

நடுவரப்பில் ஒரே வரிசைக் கல் போதும், இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வேலிக்காரர் சொன்னார். அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு முழுசாக நூறு இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரிசை நட வைத்தேன். நடுவில் ஒரு முழச் சந்து. இன்றைக்கும் அதில் கீரிப்பிள்ளை தவிர யாரும் போவதில்லை. இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் முதல் தப்பு என்னுடையது. அதை உன் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

ஆனால் அன்றைக்கு நீயும் அங்கே நின்றாய். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு. நான் உன்னைத்தான் கேட்டேன். "கண்ணு, நீ படிச்சவன், எல்லாஞ் சரியா இருக்கா பாரு" என்றேன். நீ ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். "கல்லுக் கணக்குச் சரியா இருக்கும்மா" என்றாய். உன் தங்கை, கல்யாணமாகி ஆறே மாசம், சத்தியமங்கலத்திலிருந்து வந்து மாப்பிள்ளையோடு வேப்பமரத்தடியில் நின்றாள். அவள் உன்னைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள். சதுரம் உனக்கு, நீளம் அவளுக்கு. நான் எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். 

நாலு வருஷமாக இரண்டு துண்டையும் ஒருத்தரே குத்தகைக்கு ஓட்டியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இந்தப் புரட்டாசியில் அவர் விட்டுவிட்டார். சரி, மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் போடுவோம், உன் காட்டுச் சோளத்தட்டு உனக்கு, அவள் காட்டுச் சோளத்தட்டு அவளுக்கு என்று முடிவு செய்தேன். என் புத்தி எங்கே போகும்? விதையையும் சரிசமமாகத்தான் அளந்தேன். உனக்கு நாலு வள்ளம், அவளுக்கு நாலு வள்ளம், தலைதட்டி. மாராத்தாள்தான் விதைத்தாள், முப்பது வருஷமாக நம் காட்டில் வேலை செய்கிறவள். ஐப்பசி மழை பெய்து பயிர் எழுந்து வந்ததும் போய்ப் பார்த்தால், உன் தங்கை காட்டில் சோளம் தலைமயிர் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கிறது. தட்டு ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. ஒரு காற்று அடித்ததும் பாதி சாய்ந்துவிட்டது. உன் காட்டில் நடுவில் ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு இடைவெளி, அதில் கோரை முளைத்துக் கிடக்கிறது. நான் மாராத்தாளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, கைய எங்க வச்சுட்டு விதைச்ச? இங்க அள்ளிக் கொட்டிப்போட்டு, அங்க கிள்ளித் தெளிச்சிருக்கற?"

"நா ஒரே மாதிரித்தானுங்க்கா தெளிச்சேன். நாலு வள்ளத்தயும் அந்தந்தக் காட்டுலயே தீத்துப்போடுன்னு நீங்கதான சொன்னீங்க. இது சின்னக் காடு, நெருங்கிப் போச்சு. அது பெரிய காடு, பத்தல."

"என்ன சின்னக் காடு, பெரிய காடு? ரெண்டும் நூறு கல்லு!"

"நீங்க கல்லையா விதைச்சீங்க, மண்ணுலதானுங்க விதைச்சீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் களை பிடுங்கப் போய்விட்டாள்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம். அதுதான் ஆத்திரம். நான் படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில், எட்டாவதோடு சரி. ஆனால் அஞ்சாவதில் எங்கள் டீச்சர் எங்களைத் தரையில் சிலேட்டு அடுக்க வைத்தார். நீளமான பெஞ்சுக்கு அடியில் எத்தனை சிலேட்டு, சதுரமான மேசைக்கு அடியில் எத்தனை சிலேட்டு என்று எண்ணச் சொன்னார். இரண்டையும் கயிறு வைத்துச் சுற்றினால் கயிறு ஒரே அளவு. சிலேட்டு மட்டும் மேசைக்கு அடியில் அதிகம் போகிறது. சுற்றளவு வேறு, பரப்பளவு வேறு என்று எழுதிக்கொண்டு, பரீட்சையில் அதற்கு முழு மார்க்கும் வாங்கினேன். பத்து வயசில் தெரிந்தது ஐம்பத்திரண்டு வயசில் மறந்துவிட்டது. சாமி நல்ல வேளையாக எனக்குக் கணக்கைத் தலைக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்பியது. நான்தான் அதைத் திறந்து பார்க்காமல், வேலிக்காரர் வாயில் வந்த நம்பரைச் சாமி வாக்கு என்று தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அடுத்த நாள் காலையில் உங்கப்பாவையும் மாராத்தாளையும் கூட்டிக்கொண்டு, பக்கத்துக் காட்டு ஆட்களிடம் நூறடி டேப்பை வாங்கிக்கொண்டு போனேன். உன் தங்கை துண்டு நீளம் நானூறு அடி, அகலம் நூறு அடி. உன் துண்டு எல்லாப் பக்கமும் இருநூற்றைம்பது. உங்கப்பா அப்போதும் விடவில்லை. கயிற்றுக் கட்டிலை ஒரு மூலையில் பிடித்துத் தள்ளினால் சட்டம் நாலும் அதே நீளம்தான், ஆனால் கட்டில் சாய்ந்து ஒடுங்கிவிடுகிறதே, அந்த மாதிரி உன் சதுரமும் சாய்ந்திருந்தால் பரப்பு குறையும், மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார் என்றார். உனக்கு ஒரு சென்ட் கூட்டிச் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். சோளத்துக்குள் புகுந்து குறுக்கே இரண்டு பக்கமும் அளந்தோம். இரண்டும் முந்நூற்று ஐம்பத்து மூன்றரை அடி, விரல்கடை வித்தியாசம் இல்லை. உன் சதுரம் அப்பழுக்கில்லாத சதுரம். வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பெருக்கினோம். அவளுக்கு நாற்பதாயிரம் சதுர அடி. உனக்கு அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. அரை ஏக்கர் உனக்குக் கூட, கண்ணு. அரை ஏக்கரைக் கல்லுக்குள் ஒளித்து உன்னிடம் கொடுத்திருக்கிறேன்.

உடனே உனக்குப் போன் பண்ணினேன். நீ கேட்டால் சந்தோஷப்படுவாய், "அய்யோ, ஆமாம்மா, சரி பண்ணிடலாம்" என்பாய் என்று நினைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் இதோ.

"ரெண்டும் நூறு கல்லும்மா. நீதான எண்ணுன?"

"நா கல்லக் கேக்கல. நெலத்தக் கேக்கறேன்."

"ஏம்மா, நாலு வருசங் கழிச்சு இப்ப எதுக்கு இது? அவளே ஒண்ணுங் கேக்கல. நீயா எதுக்குக் கெளப்பற? அதுமில்லாம அவளுக்கு இருவது அடித் தொட்டி இருக்குது. எனக்குப் பத்தடித் தொட்டிதான். நா எதாச்சும் கேட்டனா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பம்பு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் தண்ணீர்க் கணக்குச் சொல்கிறவன் நீ. அவள் தொட்டி இருபது அடி நீளம் என்பது சரி. அகலம் ஐந்து, ஆழம் நாலு. நானூறு கன அடி. உன் தொட்டி பத்துக்குப் பத்து, ஆழம் ஆறு. அறுநூறு. அதே மோட்டாரைப் போட்டால் அவள் தொட்டி நாற்பது நிமிஷத்தில் வழிகிறது, உன்னுடையது நிரம்ப ஒரு மணி நேரம் ஆகிறது. நீளத்தை மட்டும் சொல்லி என்னை மடக்கப் பார்க்கிறாயே, எட்டாவது படித்தவள்தானே, தெரியாது என்றா? நான் இதைச் சொன்னதும், "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிட்டாய்.

அப்போதும் நான் உனக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். பாவம், வேலைத் தொல்லையில் இருக்கிறான், கவனித்திருக்க மாட்டான், அவனுக்கு எங்கே தெரியும் என்று உங்கப்பாவிடம் சொன்னேன். அதற்கப்புறம்தான் பீரோவில் பட்டா நகலைத் தேடும்போது நீ போன தையில் விட்டுப் போன பிளாஸ்டிக் கவர் கையில் கிடைத்தது. உன் காட்டில் செட்டுப் போட லோன் கேட்டு எழுதின காகிதம். அதில் உன் கையெழுத்தில் படம். சதுரம் வரைந்து, பக்கத்துக்கு 250, நடுவில் 1.43 ஏக்கர். அதன் பக்கத்திலேயே நீளமாக ஒரு பெட்டி, அதில் 0.92. உன் தங்கை துண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாய். பேனாவை இரண்டு தடவை அழுத்தி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய்.

பேங்குக்கு ஏக்கர். தங்கைக்குக் கல். அப்படித்தானே?

கண்ணு, தெரியாமல் செய்தது என் தப்பு. தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தது உன் தப்பு. இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கத் தயாராக இல்லை. நான் உன்னைப் பெற்றவள் என்பதால் உனக்குச் சலுகை வேண்டுமானால், இவ்வளவு பக்கம் எழுதுவதுதான் அந்தச் சலுகை, வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தையோடு முடித்திருப்பேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இதை எழுதத்தான் மூன்று நாளாகத் தயங்கினேன். உனக்கு எட்டு வயசு, அவளுக்கு ஐந்து இருக்கும்போது தினமும் மோருக்குச் சண்டை. நம் வீட்டில் உயரமாக ஒல்லியாக ஒரு டம்ளர், குள்ளமாக அகலமாக ஒரு கிண்ணம். நீ ஓடிப்போய் உயர டம்ளரை எடுத்துக்கொள்வாய். அவள் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை நீட்டுவாள். ஒருநாள் பார்த்தேன், கிண்ணத்து மோரை டம்ளரில் ஊற்றிப் பார்த்துவிட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு, மறுபடி கிண்ணத்திலேயே ஊற்றிக்கொண்டாள். "என்ன அம்மணி பண்ற?" என்றேன். "அண்ணனுக்கு ஒசரமா இருந்தாப் போதும்மா" என்று சிரித்தாள். ஐந்து வயசில் அவளுக்குக் கொள்ளளவு தெரிந்திருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நான் என்ன செய்தேன்? தீபாவளிக்கு உனக்கு மூன்று உருப்படித் துணி என்றால் அவளுக்கும் மூன்று, முறுக்கு உனக்கு எட்டு என்றால் அவளுக்கும் எட்டு என்று எண்ணி எண்ணி வைத்தேன். என்னைப் போல நியாயமான அம்மா கிடையாது என்று ஒறம்பரையில், சொந்தபந்தத்தில் எல்லாம் பெருமை பேசினேன். பத்தாவதில் அவள் கணக்கில் உன்னைவிட அதிகம் வாங்கியிருந்தும், உன்னைக் கோயமுத்தூரில் இஞ்சினியரிங் சேர்த்தோம், அவளை ஒரே பஸ்ஸில் போய்வரலாம் என்று டீச்சர் டிரெய்னிங் சேர்த்தோம். அன்றைக்கும் எண்ணிக்கைதான் பார்த்தேன். இவனுக்கும் ஒரு படிப்பு, அவளுக்கும் ஒரு படிப்பு. அவள் அழுதபோது, "அண்ணன்தான, உட்டுக்குடு அம்மணி" என்றேன். எத்தனை தடவை அப்படிச் சொன்னேன் என்று எண்ணவே இல்லை. எண்ணிப் பார்த்திருக்க வேண்டியது அதுதான்.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை, பட்டா என் பேரில்தான் இருக்கிறது. இரண்டு துண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஆளுக்கு ஐம்பத்தோராயிரத்து இருநூற்றைம்பது சதுர அடி. நடுவரப்பிலிருந்து உன் பக்கமாக நாற்பத்தைந்து அடி உள்ளே தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அவளுடையது. உன் துண்டு இனிமேல் இருநூற்றைந்துக்கு இருநூற்றைம்பது. சதுரம் போய் நீள்சதுரம் ஆகிவிட்டது. கிணறும் உன் தொட்டியும் உன் பக்கம்தான் இருக்கின்றன, கவலைப்படாதே. அதே வேலிக்காரரைத்தான் வரச் சொன்னேன். கணக்குப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, இப்புடி நகத்துனா தம்பிக்குத் தொண்ணூத்தொரு கல்லு, பாப்பாவுக்கு நூத்தொம்பது கல்லு வருதுங்க. அன்னைக்கு நூறு நூறுன்னு சாமியே சொன்னதாச் சொன்னீங்க?"

"சாமி சும்மாதானுங்க இருந்துச்சு. அது பேரச் சொல்லி நாந்தான் பேசிட்டேன். நீங்க ஒம்போது கல்லப் புடுங்கி அக்கட்ட நடுங்க."

"தம்பி வந்து சத்தம் போட மாட்டாருங்களா?"

"போட்டா எங்கிட்டப் போடட்டும்" என்று உங்கப்பா சொன்னார். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு பேசியது அன்றைக்குத்தான்.

ஆக, நிலம் சரியாகிவிட்டது. நிலத்துக்காக இந்தக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பத்திரத்திலும் கல்லைப் பற்றி ஒரு எழுத்து இல்லாமல், சதுர அடியைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து சண்டை போட்டாலும் அது மாறாது.

எழுதுவது வேறு காரணத்துக்காக. போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை வந்திருந்தாள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னம்மா இது என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "அம்மணி, நா ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன். உனக்கு அரை ஏக்கரா கொறஞ்சு போயிருக்குது" என்றேன். அவள் இன்னொரு கட்டுக் கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்மா" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"கல்லு நட்ட அன்னைக்கே. நா நாலாங் கிளாசுக்குக் கணக்கு எடுக்கறேன்மா. வருசா வருசம் போர்டுல இதத்தான போடறேன். ஒரே சுத்தளவு, வேற வேற பரப்பளவு."

"அப்பறம் ஏன்டி வாயத் தொறக்கல? எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பனே?"

அவள் முத்தின இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணனுக்கும் தெரியுமில்ல? அவன் போனுல கணக்குப் போட்டத நா பாத்தேன். அவனாச் சொல்லுவான்னு பாத்துட்டு இருந்தேன்மா. இந்தப் பொங்கலுக்குச் சொல்லுவான், அடுத்த பொங்கலுக்குச் சொல்லுவான்னு."

அவ்வளவுதான். அழவும் இல்லை, உன்னைத் திட்டவும் இல்லை. கீரையைக் கழுவி வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நிலம் கூட வந்ததற்கு ஒரு வார்த்தை சந்தோஷமாகச் சொன்னாளா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவள் காத்துக்கொண்டிருந்தது நிலத்துக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் உனக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டு, உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ போனைப் பார்த்துக்கொண்டு கரும்பு தின்றிருக்கிறாய்.

உனக்கு என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் நான் எழுதிக் கொடுக்கவா? வேண்டாம், எழுதிக் கொடுத்தால் அதையும் படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாய். "எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்" என்று உன் வாயால் சொல். காரணம் சொல்லாதே, தொட்டியை இழுக்காதே. அவள் என்ன பதில் சொல்கிறாளோ கேட்டுக்கொள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிரு. பத்திரம் எழுதிவிட்ட பிறகு சொன்னால் அதற்கு மதிப்பு இல்லை. கையெழுத்து விழுந்த பிறகு எவன் வேண்டுமானாலும் பெருந்தன்மையாகப் பேசலாம். அவள் பேரில் அந்த நிலம் ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். உனக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

அவளுக்குப் பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடும். பஸ் ஏற நாலரை ஆகும். அந்தக் கால் மணி நேரம் ஸ்டாப்பில் தனியாகத்தான் நிற்பாள். அப்போது கூப்பிடு.

அம்மா